முதலில் சொன்ன விடை

சோனாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததைச் சொல்லிவிட்டு உடனே மாற்றுவதுதான் அவள் வியாதி. எம்.எஸ்ஸி. நர்சிங் நுழைவுத் தேர்வில் இரண்டு தடவை கோட்டைவிட்டதும் அதனால்தான். தப்பான விடைக்கு மார்க்கைப் பிடுங்கிக்கொள்கிற பரீட்சை அது.

மூன்றாவது தடவையும் கிடைக்காவிட்டால் குவைத்துக்குப் போவதாகப் புருஷன் சஜனிடம் ஒத்துக்கொண்டிருந்தாள். அங்கே வேலை தயார். அவள் பாஸ்போர்ட், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்ட் ஜெயதாஸின் கையில். மகளுக்கு மூன்று வயது. சஜன் கெட்டவன் இல்லை, அவசரக்காரன். எனக்கு அவனைப் பிடிக்காது, அது வேறு விஷயம்.

நாங்கள் இரண்டு பேரும் பாறசாலையில் காலை பாசஞ்சர் ஏறுகிறவர்கள். அவள் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் அங்கே ஒரு துணிக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிறவள். ஓடுகிற வண்டியில் படித்தால் அவளுக்குத் தலைசுற்றும். அதனால் கேள்விகளை நான் வாசிப்பேன், அவள் பதில் சொல்லுவாள்.

ஒருநாள், ரத்தம் ஏற்றும்போது நோயாளிக்கு நடுக்கம் வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி. ஏற்றுவதை நிறுத்த வேண்டும் என்றாள். சரியான பதில். நான் அடுத்ததற்குப் போவதற்குள், இல்லை, முதலில் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எழும்பு மக்கா,” என்றேன். “இனி பதில மாத்தினா உனக்கு சன்னல் சீட்டு கிடையாது. நின்னுட்டு வா.”

சன்னல் ஓரத்துக்காகச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவர்கள் எங்கள் பெட்டியில் உண்டு. அன்றிலிருந்து எல்லோரும் கண்கொத்திப் பாம்பாக அவளைக் கவனித்தார்கள். வாய் தடுமாறினால் போதும், அவள் இடத்தில் யாருடைய பையாவது வந்து விழும். முதல் மாதம் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் வந்தாள். கோபத்தில் என்னோடு பேசாமலும் இருந்து பார்த்தாள். நான் கண்டுகொள்ளவில்லை. மெல்ல மெல்ல நிற்பது குறைந்தது. கடைசியில் நான் வேண்டுமென்றே கிண்டிவிட்டாலும் அவள் சொன்னதிலிருந்து அசையவில்லை.

பரீட்சை எழுதிவிட்டு வந்தவள், ஒரு பதிலைக்கூட மாற்றவில்லை என்றாள். உள்ளுக்குள் எனக்குச் சந்தேகம்தான்.

பிறகு ஒருநாள் காலை, வண்டி அமரவிளை தாண்டும்போது ரிசல்ட் வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. சோனா போனை என்னிடம் நீட்டினாள்.

“நீங்களே பாருங்க, லேகாக்கா.”

ரேங்க் முப்பத்தொன்று. அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைக்கும். மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அவள் போனை வாங்கினாள். சஜனைத்தான் கூப்பிடுவாள் என்று நினைத்தோம். அவள் கூப்பிட்டது ஜெயதாஸை.

“நான் சோனாவாக்கும். எனக்க பாஸ்போர்ட்டு வேணும். சாயங்காலம் வாறேன்.”

புருஷனுக்குத் தெரியுமா என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

“வீட்டில போய் நான் சொல்லிக்கிடுவேன். எனக்க பிள்ளைய விட்டுட்டு நான் எங்கயும் போகல்ல. இங்க இருந்து படிக்கப் போறேன்.”

பெட்டி முழுக்கக் கைதட்டியது. நான் தட்டவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். இவ்வளவு சந்தோஷமாக நான் அழுததே இல்லை.