அது ஃபவுலே இல்லை

அலபாமாவின் டெம்பர்லி ஊரில் பஞ்சர் ஒட்ட வேண்டுமென்றால் ராஸ்கோ டாலிவரின் டயர் கடைக்குத்தான் போக வேண்டும். போனால் டாலூசா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றி, அதாவது பந்தைக் கையால் வீசிப் பிடித்து ஓடும் ஆட்டத்தைப் பற்றி, அரை மணி நேரமாவது கேட்டாக வேண்டும். கடைச் சுவர் சிவப்பு, காற்றடிக்கும் இயந்திரம் சிவப்பு, கழிப்பறை மூடிகூடச் சிவப்பு. அத்தனையும் டாலூசா நிறம். அந்தப் பல்கலைக்கழகத்தில் அவர் ஒரு நாளும் படித்ததில்லை, அவர் குடும்பத்தில் யாரும் படித்ததில்லை. அதனாலென்ன? அலபாமாவில் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்களோ இல்லையோ, அது எந்த அணி என்பதை முதலில் முடிவு செய்துவிடுவார்கள்.

மகன் டெஷானை அதே டாலூசா ஆட அழைத்துக்கொண்டபோது மனிதர் கால் தரையில் பாவவில்லை. வந்தவருக்கெல்லாம் இலவசமாகக் காற்றடித்து அனுப்பினார். எதிரணிக்காரன் பந்தைப் பிடிக்க ஓடும்போது கூடவே ஒட்டிக்கொண்டு ஓடித் தடுப்பது டெஷானின் வேலை. வேகத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் யார் போக்குக் காட்டினாலும் நம்பிவிடுவான். எதிரே வருகிறவன் தலையை இடது பக்கம் வெட்டினால் இவன் இடது பக்கம் பாய்வான். அவன் சாவகாசமாக வலது பக்கம் போய்ப் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவான். இரண்டு வருஷம் பெஞ்சைத் தேய்த்தான் பையன். மூன்றாவது வருஷமும் பெஞ்சுதான் என்று தெரிந்ததும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் வேறு கல்லூரிக்கு மாறிவிட்டான். மாறியதுதான் மாறினான், கண்காணாத டெக்சஸுக்கோ ஓஹையோவுக்கோ போயிருக்கக் கூடாதா? நேராக, அதே அலபாமாவிலுள்ள கோலியர் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனான். நீலச் சட்டைக்காரர்கள். டாலூசாவுக்குப் பரம வைரி.

செய்தி வந்த காலையில் டயரில் கோளாறே இல்லாதவன்கூடக் கடைக்கு வந்தான்.

"என்ன ராஸ்கோ, கடைக்கு நீல பெயின்ட் எப்ப அடிக்கப் போற? சொல்லு, நான் ஏணி தரேன்" என்றார் எதிர்க்கடை ஃப்ளாய்டு.

"எம் புள்ள எங்க ஆடினாலும் எம் புள்ளதான்" என்றார் ராஸ்கோ. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினாரா? "ஆனா ஒண்ணு, எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்த ஒடம்புல நீலம் ஏறாது. நான் செத்து பொட்டில வெக்கிறப்பகூட செவப்புச் சட்டதான் போடணும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். ஊரே சாட்சியாக நின்று கேட்டுக்கொண்டது.

கோலியரில் பயிற்சியாளர் முதல் மாதம் டெஷானை ஓடவே விடவில்லையாம். நிற்க வைத்தாராம். எதிரே வருகிறவனின் இடுப்பை மட்டும் பார், தலையும் கண்ணும் ஆயிரம் பொய் சொல்லும், இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் ஆள் போவான் என்றாராம். பையன் மெல்ல மெல்லப் பொறுமை கற்றுக்கொண்டான். அடுத்த வருஷம் அணியில் நிலையாக ஓர் இடம், அதற்கும் அடுத்த வருஷம் அணித் தலைவன். ராஸ்கோ இதையெல்லாம் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டிவியின் சத்தத்தை அடக்கிவிட்டுப் பார்த்தார். வெளியே வரும்போது தூங்கி எழுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். மனைவி எர்லீனுக்குத் தெரியாதா? தெரியும். ஒன்றும் சொல்லமாட்டாள்.

நவம்பரில் அவளும் வாயைத் திறந்தாள். படிப்பு முடிக்கும் ஆட்டக்காரர்கள், சொந்த மைதானத்தில் ஆடும் கடைசி ஆட்டத்துக்கு முன்னால், அப்பா அம்மாவைக் கைகோத்துக்கொண்டு மைதானத்தின் நடுவே நடந்து வருவார்கள். பெற்றவர்கள் பிள்ளையின் எண் போட்ட சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். கோலியரின் கடைசி ஆட்டம் நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள் விட்டு அடுத்த நாள், சனிக்கிழமை. எதிரணி டாலூசா. கடவுளுக்கும் சில நேரம் குறும்பு அதிகம்தான்.

"நான் கேலரியில உக்காந்து பாக்கறேன். நீ நடந்துட்டு வா" என்றார் ராஸ்கோ, நன்றி நவிலும் நாள் விருந்தில் வான்கோழிக் கறியை வெட்டிக்கொண்டே.

"சரி" என்றாள் எர்லீன். "நீ வரலேன்னா பரவால்ல. லூதர் வரேன்னு சொல்லியிருக்கான்."

ராஸ்கோவின் கத்தி நின்றது. லூதர் அவளுடைய தம்பி. பிறவி நீலச் சட்டைக்காரன். இருபது வருஷமாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மறுநாள் காலையில் ராஸ்கோவுக்குப் போன் போட்டு வம்பிழுப்பவன்.

"லூதரா? எம் புள்ள கையப் புடிச்சுக்கிட்டு லூதரு நடப்பானா?"

"யாராவது நடக்கணும்ல. அவனப் பெத்த அப்பனுக்குத்தான் துணியில சாயம் ஒத்துக்கலையே."

விருந்துக்கு வீட்டுக்கு வந்திருந்த டெஷான் அப்பாவிடம் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "வரணும்னு கட்டாயம் இல்லப்பா. வந்தா எனக்கு சந்தோஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அது ராஸ்கோவுக்குச் சுருக்கென்று தைத்தது. கத்தியிருந்தால்கூடப் பதிலுக்குக் கத்தியிருப்பார். இருபத்திரண்டு வயதுப் பையன் இப்படிப் பெரிய மனிதனாகப் பேசினால் அப்பன் என்னதான் செய்வான்?

சனிக்கிழமை மதியம், எண்பதாயிரம் பேர் நிறைந்த மைதானத்தின் வாசலில் ராஸ்கோ நீலச் சட்டையில் நின்றார். முதுகில் மகனின் எண், அதற்கு மேல் டாலிவர் என்று அவருடைய சொந்தப் பெயர். அடியில் சிவப்பு பனியன் போட்டிருந்தார் என்பது எர்லீனுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

"ரொம்ப இறுக்குதா?" என்று கேட்டான் டெஷான்.

"சட்ட நல்லாத்தான் இருக்கு. நான்தான் கொஞ்சம் குண்டாயிட்டேன்."

பெயரைச் சொன்னார்கள். மூவரும் நடந்தார்கள். பெரிய திரையில் மூன்று முகமும் தெரிந்தன. கூட்டம் "டெஷான், டெஷான்" என்று கூவியது. ராஸ்கோவுக்கு, இவ்வளவு பேர் என் பிள்ளையின் பெயரைச் சொல்கிறார்களே என்று கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. பாதி தூரம் ஒழுங்காகத்தான் நடந்தார்.

அந்த நேரம் பார்த்து எதிர் மூலையில் டாலூசா வாத்தியக் குழு தன் அணிப் பாட்டை எடுத்துவிட்டது. முப்பது வருஷம் அந்தப் பாட்டு காதில் விழுந்தபோதெல்லாம் ராஸ்கோ நின்ற இடத்தில் நின்றிருக்கிறார், கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? மனிதர் நடு மைதானத்தில் டக்கென்று நின்றார். தொப்பியைக் கழற்றினார். பாட்டு முடியும் இடத்தில் டாலூசாவின் சின்னமான காளையைப் போல இரண்டு விரலைக் கொம்பாக்கித் தலைக்கு மேலே தூக்கி, அடிவயிற்றிலிருந்து, "முட்டு காளே, முட்டு" என்றார்.

திரையில் அது தெளிவாகத் தெரிந்தது. கோலியர் மைதானத்தின் நடுவே, கோலியர் சட்டையில், டாலூசாவின் கொம்பு.

எண்பதாயிரம் பேரும் சேர்ந்து ஊளையிட்டார்கள். எர்லீன் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். ராஸ்கோவின் விரல் இன்னும் மேலேயே இருந்தது, கீழே இறக்கத் தெரியவில்லை.

"டெஷான்... நான்... அது தானா வந்துடுச்சுடா."

ஊளையிடும் கூட்டத்தைப் பார்த்தான் டெஷான். அப்பாவைப் பார்த்தான். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தான். அப்பாவின் கையை எட்டிப் பிடித்து, கொம்பு விரல்களை மடக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, மற்றக் கையை அவர் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தான். கூட்டத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஊளை கைதட்டலாக மாறியது.

"நடங்கப்பா. இன்னொரு தடவ பாட்டு வந்தா காதப் பொத்திக்குங்க."

கைதட்டட்டும், என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். ராஸ்கோவுக்கு மனசு ஆறவில்லை. பிள்ளையின் வாழ்க்கையில் ஒருமுறை வருகிற நாளைப் பாழாக்கிவிட்டோமே என்று குடும்பத்தார் வரிசையில் போய்க் கூனிக்குறுகி உட்கார்ந்தார். பின்வரிசையிலிருந்து யாரோ, "காளை மாமா, சோளப்பொரி வேணுமா?" என்று கேட்டார்கள். அதற்குக்கூட அவர் திரும்பவில்லை.

ஆட்டம் தொடங்கியது. முதலில் வழக்கம்போலப் பந்தைத்தான் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பந்தை விட்டுவிட்டுப் பையனைப் பார்க்க ஆரம்பித்தார். டாலூசாவின் ஆட்கள் தலையை வெட்டினார்கள், தோளைக் குலுக்கினார்கள், கண்ணால் பொய் சொன்னார்கள். டெஷான் அசையவில்லை. இடுப்பு திரும்பியதும் அவனும் திரும்பினான். அவன் பக்கம் வீசிய பந்து ஒன்றுகூடப் பிடிபடவில்லை. இவனா டாலூசாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்? இவனையா அவர்கள் வேண்டாம் என்றார்கள்? ராஸ்கோவுக்கு முதன்முதலாக டாலூசா மேல் கோபம் வந்தது. கண் இருந்தும் குருடர்கள் என்று முணுமுணுத்தார்.

கடைசி நிமிஷம். கோலியர் இரண்டு புள்ளி முன்னால். டாலூசா நீளமாக ஒரு பந்தை வீசியது. சிவப்புச் சட்டைக்காரன் இரண்டு முறை போக்குக் காட்டிவிட்டு ஓடினான். டெஷான் ஏமாறவில்லை, தோளோடு தோளாக ஓடி எம்பிப் பந்தைத் தட்டிவிட்டான். நீலக் கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. அதற்குள் நடுவர் மஞ்சள் துணியைத் தூக்கித் தரையில் போட்டார். பந்து வருவதற்கு முன்பே டெஷான் அவனைப் பிடித்துவிட்டானாம். ஃபவுல். டாலூசா பதினைந்து கஜம் முன்னேறி, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து, மூன்று புள்ளி வாங்கி, ஒரே புள்ளியில் ஜெயித்தது.

எதிர் மூலையில் வாத்தியக் குழு மறுபடி அதே பாட்டை வாசித்தது. ராஸ்கோவின் காதில் அது விழவே இல்லை. அவர் கம்பித் தடுப்பின் மேல் பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு நடுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏய், கண்ணாடி வாங்கிப் போடுய்யா. பந்தத்தான தொட்டான்? எவன்கிட்ட எவ்வளவு வாங்கின?"

"ராஸ்கோ, கீழ எறங்கு" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள் எர்லீன். "உன் டீமுதான ஜெயிச்சிருக்கு?"

"எது என் டீமு? அந்தத் திருட்டுப் பசங்களா?"

பின்வரிசைக்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஆடாத குறை. சோளப்பொரி தானாகவே வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை காலை ஃப்ளாய்டு டயர் மாற்ற வண்டியையும் வெற்றியைக் கொண்டாட டோனட் பெட்டியையும் கொண்டு வந்தார். ராஸ்கோ பெட்டியைத் திறக்கவில்லை. போனில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டி, "இது ஃபவுலா?" என்றார்.

"சந்தேகம் என்ன, சுத்தமான ஃபவுலு."

"உன் வண்டிக்கு இன்னிக்கு டயர் வராது. நாளைக்கு வா."

இப்படியே அன்று முழுக்க நடந்தது. ஃபவுல் இல்லை என்றவனுக்கு வேலை உடனே முடிந்தது. ஃபவுல் என்றவன் வெளியே குளிரில் நின்றான். சர்ச் போதகர் கெய்ன்ஸ் ஒரு சாவு வீட்டுக்கு அவசரமாகப் போக வேண்டியவர், பஞ்சரோடு வந்து மாட்டிக்கொண்டார். காட்சியை மூன்று முறை போட்டுப் பார்த்தார். வெளியே வீசும் குளிர்காற்றையும் பார்த்தார்.

"சகோதரா, என் கண்ணுக்கு அது சரியாத் தெரியல" என்றார்.

"அது போதும் ரெவரெண்ட். உள்ள வந்து கதகதப்பா உக்காருங்க."

சாயங்காலம் டெஷான் வந்தான். ஊரில் நடந்த கூத்தை அம்மா போனில் சொல்லியிருந்தாள். கடையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அப்பாவின் பக்கத்தில் ஒரு டயர் மேல் உட்கார்ந்தான்.

"அப்பா, ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. அது ஃபவுல்தான். அவன் சட்டைய நான் புடிச்சேன். கொஞ்சம்தான், ஆனா புடிச்சேன். முன்னெல்லாம் ஃபவுல் பண்ற தூரத்துலகூட நான் இருந்ததில்ல. இப்ப பக்கத்துல இருந்தேன், அதான் கை போயிடுச்சு. கோச்சுகிட்டயும் சொல்லிட்டேன்."

ராஸ்கோ கையிலிருந்த கிரீசைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"தெரியும்டா."

"தெரியுமா?"

"முப்பது வருஷமா இந்த ஆட்டத்தப் பாக்கறேன். உன் கை அவன் சட்டைல பட்டப்பவே பாத்துட்டேன். எனக்கு அப்புறம்தான் அந்த நடுவரே பாத்தான்."

"பின்ன ஏம்பா போதகரைக்கூட விடாம ஊரெல்லாம் சண்ட போட்டுட்டு இருக்கீங்க?"

மகனைப் பார்க்கப் பார்க்க ராஸ்கோவுக்குப் பெருமையாக இருந்தது.

"நீ ஆடறவன், நீ உண்மைய சொல்லலாம். அது உனக்கு அழகு. நான் உன் அப்பன்டா. எனக்கு என்ன தலையெழுத்தா உண்மை பேசறதுக்கு?"

வாசலில் ஒரு வண்டி காற்றுப் போன சக்கரத்தோடு நொண்டிக்கொண்டு வந்து நின்றது. ராஸ்கோ எழுந்து போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நீ உள்ள போய் உக்காரு. உன் வாய வெச்சுக்கிட்டு இங்க நின்னா என் யாவாரம் கெட்டுடும்."