வீட்டு நினைவு, இரண்டு நிமிடம்

முனைவர் ஹென்றியின் அறை வாசலில் பித்தளைப் பலகை உண்டு. 'அயல்நாட்டு மாணவர் மனநல ஆலோசனை மையம் – இயக்குநர்' என்று பொறித்திருக்கும். இயக்குவதற்கு உள்ளே வேறு ஆள் கிடையாது. ஒரு சோபா, ஒரு டிஷ்யூ பெட்டி, மனதை அமைதிப்படுத்துவதற்காக ஒரு மீன்தொட்டி. தரமணியில் இருக்கும் அந்தத் தனியார் பல்கலைக்கழகம் மூன்றாவது மாடியில் இந்த மையத்தைத் திறந்து ஐந்து மாதமாகியிருந்தது. வந்தவர்கள் பதினோரு பேர். அவர்களில் நான்கு பேர் வைஃபை பாஸ்வேர்டு கேட்டார்கள். ஒருவன் மீனைப் பார்த்துவிட்டுப் போனான்.

ஜூலைக் கடைசியில் மதிப்பாய்வுக் குழு கூடும். முந்நூறு பேராவது வந்து போயிருந்தால்தான் மையமும் இருக்கும், ஹென்றியும் இருப்பார் என்று பதிவாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

கூட்டம் இல்லாமல் இல்லை. அது தரைத்தளத்தில் இருந்தது. விசா நீட்டிப்புக்கான சான்றிதழை அங்கே அடித்துக் கொடுப்பவர் ஜோதிலட்சுமி. அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து பெரும்பாக்கம் மறுகுடியமர்வு அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட குடும்பம். படிப்பு பிளஸ் டூவும் டைப்ரைட்டிங் ஹையரும். ஒன்பது நாட்டுப் பிள்ளைகள் அவரை "அக்கா" என்றார்கள். ஹென்றியை "டாக்டர் சார்" என்றார்கள், அதுவும் லிஃப்டில் மாட்டிக்கொண்டால்.

மாடிப்படித் திருப்பத்தில் நின்று ஹென்றி பார்ப்பார். ஜோதிலட்சுமி படிவத்தில் உள்ளதைத்தான் கேட்டார்: அம்மா பெயர், வீட்டு விலாசம், அவசரத்துக்கு யாருக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்குள் யாருக்காவது குரல் உடையும். "அயுவாத, அயுவாத, இங்க ஒரு கையெழுத்து போடு" என்று டீயை அந்தப் பக்கம் நகர்த்துவார் ஜோதிலட்சுமி. மௌனமாக உட்கார்ந்திருப்பது எப்படி என்று வெளிநாட்டில் எட்டு மாதம் பயின்றவர் ஹென்றி. இந்த அம்மாள் ஒரு நிமிடம்கூட வாயை மூடவில்லை. ஹென்றிக்கு வயிறு எரிந்தது.

சாந்தோம் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் புலம்பினார். ஐரின் பள்ளி ஆசிரியை. யாருக்கும் கூடுதல் மதிப்பெண் போட்டுப் பழக்கமில்லை.

"அவங்ககிட்ட ஃபார்ம் இருக்கு. உங்ககிட்ட என்ன இருக்கு? ஒரு தொட்டி மீன்."

ஐரின் குத்திக்காட்டத்தான் சொன்னார். ஹென்றி அதை யோசனையாக எடுத்துக்கொண்டார். மறுநாளே பதிவாளருக்குக் குறிப்பு போனது. அந்த வாரமே சுற்றறிக்கை வந்தது: இனி ஆலோசகர் கையெழுத்திட்ட படிவத்துக்கு மட்டுமே சான்றிதழ்.

முதல் நாளே இருபத்தாறு பேர். மாணவர்கள் உள்ளே வந்தார்கள், "ஹோம்சிக், சார்" என்றார்கள், படிவத்தை நீட்டினார்கள். ஹென்றி புதுப் பதிவேட்டில் எழுதினார்: 'வீட்டு நினைவு. 2 நிமிடம். தேறியது.' மறுநாளும் அப்படியே. ஒன்பது நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே துக்கம், அதுவும் ஒரே வார்த்தையில். வேறு ஆளாக இருந்தால் சந்தேகம் வந்திருக்கும். ஹென்றி அதை ஒரு கண்டுபிடிப்பாகக் கருதி, ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பும் எழுதி வைத்தார். கீழே பிள்ளைகள் படிவம் வாங்கவும் கொடுக்கவும் மட்டும் ஜோதிலட்சுமியிடம் நிற்பதைக் காண்பதற்காகவே அடிக்கடி தண்ணீர் பிடிக்கப் போனார்.

பதிவேடு இருநூற்றெண்பதைத் தாண்டிய ஒரு புதன்கிழமை, ஜோதிலட்சுமி கையில் ஒரு படிவத்தோடு மேலே வந்தார்.

"இந்தப் பொண்ணு காலைல உங்களாண்ட வந்துச்சா சார்?"

மலாவியிலிருந்து வந்த சிக்கோண்டி. பதிவேட்டில் ஹென்றியின் கையெழுத்திலேயே இருந்தது: வீட்டு நினைவு, இரண்டு நிமிடம், தேறியது. படிவத்தில் அவசரத் தொடர்பு என்ற இடத்தில் அண்ணன் பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. வேறு பெயர் எழுதப்படவில்லை.

"அண்ணங்காரன் திங்கக்கெழம செத்துட்டானாம் சார். இன்னாம்மா பேர அடிச்சிக்கீறன்னு கேட்டேன், சொல்லிச்சு. கீழ பெஞ்சில உக்காந்துகினு கீது."

ஹென்றியின் மனதில் முதலில் எழுந்தது இரக்கமல்ல. இந்த அம்மாளிடம் போய்ச் சொல்லியிருக்கிறாளே என்பதுதான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

ஜோதிலட்சுமி மீன்தொட்டியைப் பார்த்தார்.

"நான்தான் சார் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன். மேல போயி ஹோம்சிக்குன்னு மட்டும் சொல்லு, ரெண்டு நிமிசத்துல உட்ருவாரு. வேற இன்னா சொன்னாலும் குந்த வெச்சிடுவாருன்னு."

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"எங்கிட்ட வந்துகினு இருந்த பசங்க சார். நீங்க இட்டுகினு பூட்டீங்க."

அந்த உணர்ச்சியை ஹென்றிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இருவரும் படியில் இறங்கினார்கள். ஹென்றி முன்னால் போனார். முதல் மாடித் திருப்பத்தில் ஜோதிலட்சுமி முந்திக்கொண்டார். பெஞ்சில் சிக்கோண்டி தனியாக இல்லை. வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றிருந்த ஏமன் நாட்டுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் படிவம் தரையில் கிடந்தது. அவள் ஃபோனில் ஏதோ ஒரு படத்தைக் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"இவனா?" என்றார் ஜோதிலட்சுமி மெல்ல. "இவனுக்கு இங்லீஷே சரியா வராது சார்."

"எனக்கு நல்லா வரும்," என்றார் ஹென்றி.

அவர்கள் இருவருக்கும் முதன்முறையாக ஒரே ஆள்மேல் பொறாமை வந்தது.

"நாம போவலாமா சார்?"

ஹென்றி ஓர் அடி வைத்தார். பிறகு காலை இழுத்துக்கொண்டார். "வேணாம். பேசட்டும்." அந்தச் சொற்களைச் சொல்ல எட்டு மாதப் பயிற்சி அத்தனையும் தேவைப்பட்டது.

இருவரும் மேஜைக்கு வந்தார்கள். அந்தப் பெண் ஊருக்குப் போய்த் திரும்புவதற்கான கடிதத்தை ஜோதிலட்சுமி அடித்தார், ஹென்றி கையெழுத்திட்டார். "இன்னொண்ணு இருக்கு," என்று சொல்லி, பதிவாளருக்கு ஒரு குறிப்பு சொல்லத் தொடங்கினார். ஆலோசகர் கையெழுத்து விதியை நீக்கவும். சுற்றறிக்கைக்குப் பிந்தைய வருகைகளைக் குழு கணக்கில் எடுக்க வேண்டாம். மொத்த வருகை பதினொன்று.

ஜோதிலட்சுமியின் விரல்கள் நின்றன.

"உங்க வேல இன்னா சார் ஆவும்?"

"அடிங்க."

"அப்ப பசங்க திரும்ப இங்கியே வருவாங்களா?"

"வருவாங்க."

அதற்குப் பிறகு விரல்கள் நிற்கவில்லை. அவ்வளவு வேகமாக ஜோதிலட்சுமி டைப் அடித்து அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. தலையை விசைப்பலகைக்குள் புதைத்துக்கொண்டும் முகத்தில் பரவிய சிரிப்பை மறைக்க முடியவில்லை. செய்தது சரிதான் என்று ஹென்றிக்குத் தெரியும். அந்த முகத்தைத்தான் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.