பிச்சைமணிக்கு ஒரு திருத்தம்

'துறைமுகத் தோழன்' வாரப் பத்திரிகையின் பவளவிழாச் சிறப்பிதழுக்கு அதன் வரலாற்றை எழுதும் வேலை ஆசிரியர் கங்காவின் தலையில் விழுந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் அலுவலகம். எல்லாம் எழுதிவிட்டாள், பிச்சைமணியை எழுத மட்டும் கை வரவில்லை.

அவள் அப்பா வெங்கிடேஸ்வரன் ஆசிரியராக இருந்தபோது, சரக்குத் தோணி கவிழ்ந்து தோணிக்காரர் பிச்சைமணி இறந்ததாகச் செய்தி போட்டார்கள். மறுமாதம் ஆள் உயிரோடு வந்து நின்றார். "மரணப் பக்கத்துக்குத் திருத்தம் போடுற வழக்கம் இங்கே இல்லே," என்று அப்பா கையை விரித்துவிட்டார். ஒன்றைத் திருத்தினால் மற்ற சாவுகளை எவன் நம்புவான் என்பது அவர் கணக்கு. அன்றிலிருந்து புதன்தோறும், பக்கம் முடிக்கும் நேரத்துக்கு, பிச்சைமணி மாடிப்படியில் நின்று இருமுவார். கடைத்தெருவில் அவரைப் பேய் என்றே கூப்பிட்டார்கள். நிஜமாகவே செத்தபோதும் செய்தி வரவில்லை. ஒருதரம் போட்டாயிற்றே!

அப்பாவும் போய்ச் சேர்ந்தார். இருமல் மட்டும் நிற்கவில்லை.

"சேச்சி, அந்த மனுஷனுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா புதன்கிழமை எனக்கு லீவு," என்றான் பக்கம் வடிவமைக்கும் யூசுப்.

"பயமா?"

"பயமெல்லாம் இல்லே. அவர் இருமினா எனக்கும் தொண்டை கமறுது."

கங்கா வழக்கத்தை மீறினாள். அப்பா அன்றே போட்டிருக்க வேண்டியதை அப்படியே போட்டாள்: 'பிச்சைமணி இறந்ததாக வெளியான செய்தி தவறு. அவர் நலமாக இருக்கிறார்.'

அந்தப் புதன் படியில் சத்தமே இல்லை.

இதழ் வெளியான மறுநாள் காலை, பிச்சைமணியின் மகள் அங்கம்மாள் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

கங்கா முந்திக்கொண்டாள். "தப்பாப் போச்சு, அங்கம்மா. அவர் அப்புறம் இறந்ததையும் சேர்த்துப் போட்டிருக்கணும். அடுத்த இதழ்லே போட்டுடறேன்."

"போட்டுராதீங்க சேச்சி!" அங்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா வெடியக்காலமே வீட்டுக்கு வந்துருச்சு. சாயா கேட்டுச்சு. வெச்சேன். டம்ளர் காலி."

கங்கா மாடிப்படியை எட்டிப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமும் உங்க படியிலேதானே நின்னுச்சு? கொஞ்ச நாள் வீட்டிலே இருக்கட்டும். பேத்தியைக்கூடப் பார்த்ததில்லே."

அடுத்த புதன், மரணப் பக்கத்தைத் திரையில் காட்டினான் யூசுப். பிச்சைமணியின் படம் ஏறியிருந்தது.

"அச்சுக்கு அனுப்பிடட்டா?"

"எடுத்துடு. அங்கே ஏதாவது விளம்பரம் வை."

"அடுத்த வாரம்?"

"இந்தத் தடவை அவரைக் கேட்டுட்டுப் போடுவோம்," என்றாள் கங்கா.