மாப்பிள்ளைக்கு ஒரு பாஸ்போர்ட் படம்

நான் இருபத்தாறு வருடமாகப் பாஸ்போர்ட் படம் எடுக்கிறவன். வீறிட்டு அழுகிற குழந்தையையே நேராகப் பார்க்க வைத்தவனுக்குப் பெருவிரல் அளவு தவளை எம்மாத்திரம்?

குளியலறையில் பிரஷ் வைக்கும் குவளையில் அது ஒரு வாரமாகக் குடியிருந்தது. பழுப்பு நிற மரத்தவளை. என் மனைவி அதை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிடாமலே வந்து, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்க மாட்டேன் என்கிறதாம். காலையில் எழுந்ததும் அதைத்தான் போய்ப் பார்ப்பாள். என்னை அல்ல.

அன்று காலை வீட்டுக்காரர் வந்தார். இரண்டு மணிக்கு வீட்டுக்குள்ளேயும் கட்டிடத்தைச் சுற்றியும் பூச்சி மருந்து அடிக்கிறார்களாம். அவர் போனதும் மனைவியின் முகம் செத்துவிட்டது. "மருந்து பட்டா பிழைக்காதுங்க. வெளிய விட்டாலும் அதே கதிதான்" என்றவள், மாடியில் குடியிருக்கும் விலங்கியல் ஆசிரியைக்குப் போன் போட்டாள்.

"அபூர்வமான வகையா இருந்தா வீட்டுக்காரர்கிட்ட நானே பேசுறேன் அக்கா. தெளிவா ஒரு படம் அனுப்பச் சொல்லுங்க" என்றாள் அவள்.

படம்தானே? என் ஸ்டுடியோ கடையிலிருந்து இரண்டு விளக்கு கொண்டுவந்தேன். குவளையைத் தரையில் இறக்கி, பின்னால் வெள்ளை அட்டை வைத்தேன். ஈரத் தரையில் குப்புறப் படுத்து பன்னிரண்டு படம் எடுத்ததில் ஒன்று பிரமாதம். அனுப்பிவிட்டு மீசையை நீவிக்கொண்டேன்.

பதில் வந்தது. "அண்ணா, இப்படி ஒரு தவளை உலகத்துலயே கிடையாது. முதுகுல ஒரு புள்ளி இல்ல, ஒரு மரு இல்ல. அதை வச்சுதானே கண்டுபிடிக்கணும்?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"லேசா டச்சப் பண்ணேன். கை தானா போயிடுச்சு."

திருத்திய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவது கடைப் பழக்கம். அதையும் செய்திருந்தேன். மணி ஒன்று நாற்பது. தவளையோ குவளையை விட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது.

கண்ணாடியைக் கழற்றினேன். மனைவி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி விளக்கைப் பிடித்தாள். ஒரே படம். முதுகில் கறுப்புத் திட்டு, இரண்டு வரிசை மரு, எல்லாம் விழுந்திருந்தது. திருத்தக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு அனுப்பினேன்.

அபூர்வ வகைதானாம்; பத்து நிமிடத்தில் ஆசிரியை வீட்டுக்காரரிடம் பேசி முடித்துவிட்டாள். எங்கள் வீட்டையும் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் செடிகளையும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் மட்டும் அடித்தார்கள்.

மனைவி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மருவக்கூட விடல."

"பின்ன? எடுத்தது யாரு?"

"கல்யாணமான புதுசுல என்னை எடுத்தீங்களே, அதுல கன்னத்து மச்சத்த அழிச்சிட்டீங்க. எங்கம்மாவுக்கும் அதே இடத்துல இருந்துச்சு. நீங்க ஆசையா சுவத்துல மாட்டினீங்க, நானும் ஒண்ணும் சொல்லல."

சுருக்கென்றது. அவமானமாக இருந்தது. விளக்குகள் இன்னும் குளியலறையில்தான் எரிந்துகொண்டிருந்தன.

"இப்படி வந்து நில்லு" என்றேன்.

"இங்கயா?"

"வெளிச்சம் நல்லாயிருக்கு. வா."

அவள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வந்து நின்றாள். நேராகப் பார் என்று நான் சொல்வதற்குள், மச்சம் உள்ள கன்னத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டாள்.