ஒரு கட்டை கீழே

டேப்பை ஓடவிட்டுக் கிட்டாரைச் சேர்த்து மீட்டிப் பார்த்த வெல்டர் கம்பி சட்டென்று கையை எடுத்தான். பாட்டு ஒரு கட்டை மேலே நின்றது. கிட்டாரின் சுருதியைச் சரிபார்த்தான், அதில் குற்றமில்லை. மறுபடி ஓடவிட்டான். அவன் நிதானமாக வாசித்து வைத்திருந்த பாட்டு, நாய் துரத்துகிற மாதிரி ஓடியது.

"என்ன மாப்ள, மூஞ்சி வெளிறிப் போச்சு? ஆபரேஷன் எனக்கா உனக்கா?" என்றார் சங்கு.

சங்கு அவன் மனைவியின் அண்ணன். லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். தெருவின் இந்த முனையில் நின்று அவர் குரல் கொடுத்தால் அந்த முனையில் லாரி நிற்கும். அதனால் வந்த பெயர். இப்போது அந்தக் குரலில் பாதிக்கு மேல் காற்று. புற்று வந்த குரல்வளையை நாளைக் காலையில் மொத்தமாக எடுக்கிறார்கள். இன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட வேண்டும். "எடுத்தா உயிர் நிக்கும், பேச்சு நிக்காது" என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரு பாட்டைப் பாடியாக வேண்டும். கம்பியின் ஆல்பத்தில் அவர் பாட வேண்டியதில் அது ஒன்றுதான் மிச்சம்.

எழுபதுகளில் வந்த ராக் மாதிரியான ஆல்பம் அது. இரண்டு கிட்டார்கள் தோள்மேல் கை போட்டுக்கொண்டு மேலே ஏறும். அடியில் ஆர்கன் புகை போலப் பரவும். முதல்முறை கேட்டவன் இரண்டாம் முறை கூடவே பாடுவான், அப்படிப் பல்லவிகள். கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. வெல்டிங் பட்டறையில் பகலெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிய கையால் எல்லாக் கிட்டாரையும் கம்பியே வாசித்தான். கம்ப்யூட்டரில் பதிந்தால் பிளாஸ்டிக் பூ மாதிரி இருக்கிறது என்று பழைய டேப் மெஷின் ஒன்றைப் பிடித்துவந்து, பட்டறைக்குப் பின்னால் இருந்த ஜன்னலில்லாத சாமான் அறையில் மெத்தைகளைச் சுவரோடு சார்த்திப் பதிந்தான். மெஷினின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற போர்டு ஒருநாள் எரிந்துபோனது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறொரு மோட்டாரை வைத்து நேராகக் கரண்டில் கொடுத்தான். ஓடியது. ஓடுகிறதே, அது போதும் என்றிருந்தான்.

அந்தப் புத்திசாலித்தனத்தின் விலை இப்போதுதான் உறைத்தது. மற்ற பாட்டுகளெல்லாம் பட்டறைக்கு விடுமுறையான நாட்களில் பதிந்தவை. இது மட்டும், வெல்டிங் வெளிச்சம் தாக்கிக் கண் வீங்கி அவன் லீவில் இருந்தபோது, பட்டறை ஓடுகிற நேரத்தில் பதிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தனை மெஷினும் கரண்டை உறிஞ்சியதில், இந்தப் பக்கம் டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. இன்று விடுமுறை. கரண்ட் முழுசாக வருகிறது. டேப்பும் முழு வேகத்தில் ஓடுகிறது.

"மச்சான், பாட்டு ஒரு கட்டை ஏறி நிக்குது."

"கட்டைல போறவனைப் போய்க் கட்டை ஏத்திப் பாடச் சொல்றியே, அடுக்குமா?" சங்கு சிரிக்கப் போனார், இருமலில் முடிந்தது. வாயைத் துடைத்த துண்டைப் பார்க்காமலே மடித்து இடுப்பில் செருகினார். "ஓட்டு. பாத்துருவோம்."

சரணத்தைத் தள்ளாடிக் கடந்துவிட்டார். பல்லவியில் 'வருவேன்' என்று நீட்டிப் பிடிக்க வேண்டிய இடத்தில் குரல் பழைய கோணி மாதிரி நடுவில் கிழிந்தது. இன்னொரு முறை. அதே இடத்தில் அதே கிழிசல்.

கம்பியின் மனைவி வெந்நீர் பிளாஸ்க்கோடு கதவருகில் நின்றிருந்தாள். "இந்தப் பாட்டுக்கு எங்கண்ணன் நல்ல தொண்டையோட வந்து நின்னப்பல்லாம், 'கிட்டார் இன்னும் சரியா வரல, அடுத்த வாரம் வாங்க'ன்னு திருப்பி அனுப்பினீங்க. இப்ப கிட்டார் ஜொலிக்குது. தொண்டைக்கு எங்க போவீங்க?"

கம்பி டேப்பைப் பின்னுக்குச் சுற்றினான்.

"போன்லயாவது பிடிச்சு வைங்களேன். தனியாப் பாடட்டும்" என்றாள்.

"வேணாம்மா" என்றார் சங்கு. "தனியாப் பாட நான் என்ன குளியலறையிலயா நிக்கறேன்? அந்த ரெண்டு கிட்டாருக்கும் நடுவுல நின்னு பாடணும். ஒரு தடவை போதும்."

கம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்தான். பிறகு எழுந்து வெளியே ஓடினான்.

பட்டறையை ஒட்டிய கொட்டகையில் மேஸ்திரியும் இரண்டு வெல்டர்களும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"மேஸ்திரி, எந்திரிங்க. எல்லா மெஷினையும் போடணும்."

"என்னடா, ஆர்டரா?"

"இல்ல. மச்சான் பாடணும்."

"அவர் பாட நாங்க எதுக்குடா வெல்டிங் அடிக்கணும்?"

"நீங்க அடிச்சா கரண்டு இறங்கும். கரண்டு இறங்கினா பாட்டு இறங்கும். பாட்டு இறங்கினாத்தான் அவருக்கு எட்டும்."

மேஸ்திரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எதை எதோட ஒட்டணும்?"

"எதையாவது எதோடயாவது ஒட்டுங்க!"

"மொதலாளி கேட்டா?"

"என் பேரைச் சொல்லுங்க."

"உன் பேரே கம்பி. எண்ணத்தான் போற" என்று சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார். "வாங்கடா. சங்குக்காக."

கம்பி அறைக்குத் திரும்பி டேப்பை ஓடவிட்டுக் கிட்டாரில் ஒரே சுரத்தை மீட்டியபடி நின்றான். சுவருக்கு அப்பால் முதல் மெஷின் பற்றியது. பல்பு மங்கியது, பாட்டு கொஞ்சம் தணிந்தது. இரண்டாவது, மூன்றாவது. இன்னும் இறங்க வேண்டும். "போதலை! ஏத்துங்க!" என்று கத்தினான். வேலை நாட்களில் இருக்கிற ஆட்களில் பாதி கூட இல்லை. இருக்கிற மெஷின்களில் மேஸ்திரி ஆம்பியரைக் கூட்டினார். பல்பு சிவந்து சுருங்கியது. பாட்டு ஜாக்கியை இறக்கினாற்போல இறங்கி, இறங்கி, கிட்டாரின் சுரத்தில் வந்து உட்கார்ந்தது.

"அப்படியே அடிங்க! நிறுத்திறாதீங்க!"

கதவைச் சாத்தினான். சங்கு ஹெட்போனை மாட்டினார். கம்பி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினான்.

சரணம் வந்தது. குரலில் கரகரப்பு இருந்தது, காற்று இருந்தது, ஆனாலும் சறுக்கவில்லை. மூட்டை முதுகில் ஏறியதும் கால் தானாக அளவு பார்த்து நடக்குமே, அந்த நடை. பல்லவிக்கு ஏறுகிற இடத்தில் இரண்டு கிட்டார்களும் எழ, சங்கு கண்ணை மூடி, "வரு—" என்று பிடித்தார்.

பட்டென்று ஒரு சத்தம். அறை இருண்டது. டேப் முனகிக்கொண்டே நின்றுபோனது. வேலை நாளில் யாரும் மூச்சுவிடாமல் இப்படி அடிப்பதில்லை. மெயின் ஃபியூஸ் போய்விட்டது.

சங்கு நிறுத்தவில்லை. ஹெட்போன் செத்தது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? பிடித்ததை விட்டால் திரும்பக் கிடைக்காது என்பதும் அவருக்குத் தெரியும். 'வருவேன்' என்று இருட்டில் முழுசாக நீட்டினார்.

கம்பி அங்கே நிற்கவில்லை. ஃபியூஸ் பெட்டிக்கு ஓடினான். பீங்கான் கட்டையைப் பிடுங்கி, புதுக் கம்பியைத் திருகித் திருகி முடுக்கும்போது, சுவருக்கு உள்ளிருந்து அடுத்த சரணமும் அதற்கடுத்த பல்லவியும் வந்தன. மேஸ்திரியும் மற்ற இருவரும் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அசையாமல் நின்று கேட்டார்கள். ஃபியூஸைத் திரும்பச் செருகியபோது பாட்டு முடிந்துவிட்டது.

ஓடிவந்தான். "மச்சான், 'வரு'ல இருந்து. அந்த ஒரு இடம். பிடிச்சிரலாம்."

சங்கு வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. வெந்நீரைக் குடித்துவிட்டுத் திறந்தார். அப்போதும் காற்றுதான். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

"வந்துச்சா?" என்று உதட்டை அசைத்தார்.

பொய் சொல்லத்தான் நினைத்தான். நாக்கு எழவில்லை. "பாதிதான் மச்சான்."

"பாதித் தொண்டைக்குப் பாதிப் பாட்டு" என்று குசுகுசுத்தார் சங்கு. "உனக்கு நட்டமில்ல." பிறகு ஹெட்போனை மறுபடி காதில் மாட்டிக்கொண்டு, ஓட்டு என்று கையைச் சுழற்றினார்.

"அண்ணே, போதும். கிளம்பணும்" என்றாள் தங்கை.

அவர் கையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

வெளியிலிருந்து மேஸ்திரி கேட்டார்: "கம்பி! இன்னொரு தடவை பத்தவைக்கட்டுமா?"

"பத்தவைங்க."

பல்பு மங்கியது. பாட்டு இறங்கி வந்து உட்கார்ந்தது. 'வரு' வருகிற இடத்தில் கம்பி ரெக்கார்டை அழுத்தினான். சங்கு கழுத்து நரம்பு புடைக்க மைக்குக்கு முன்னால் பாடினார், ஓசையே எழவில்லை. டேப் மெஷினில் ஒலியளவு காட்டுகிற மீட்டரின் முள் அசைவதும் கிடப்பதுமாக இருந்தது. அசைவது மூச்சா, சுவருக்கு அப்பால் எரிகிற வெல்டிங்கா என்று அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பாட்டு முடிகிறவரைக்கும் அவன் டேப்பை நிறுத்தவில்லை.