ஸ்பிரிட்டில் கரைந்த கொழுப்பு

அண்ணி தட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்ததும் அண்ணன் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். தட்டில் உப்பு மட்டும் போட்டு வேகவைத்த காய்கள் வெளிறிக் கிடந்தன. மூன்று மாதமாக அந்த வீட்டில் ஒரு சொட்டு எண்ணெய் அடுப்பேறவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த துண்டுத்தாளில் ஒரு புரொபசர் படமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ‘மூளைக்கட்டியைப் பட்டினி போடுங்கள்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அடியில் பொடி எழுத்தில், ஸ்லைடுகள் தயாரித்தவர் என்று, எதிரே உட்கார்ந்திருந்த தங்கையின் பெயர். போனில் அண்ணி ‘பத்தியம்’ என்றபோது என்ன ஏது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்குத்தான் நேரில் வந்து பார்க்கிறாள். அண்ணனின் சட்டை கொடியில் காய்வதுபோல அவன்மேல் தொங்கியது.

அந்தப் புரொபசரின் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடமாக அவள் டெக்னீஷியன். கட்டியை மெலிதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது அவள் வேலை. அதைப் பார்த்து அளந்துவிடுவது அவர் வேலை. மனதுக்குள் அவருக்கு அவள் வைத்திருக்கும் பெயர் மகா மேதை. கட்டியின் செல்கள் கொழுப்பைத் துளித்துளியாகச் சேர்த்துவைத்து எரித்து வளர்கின்றன என்பது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மேதை ஒரு படி மேலே போனார். கொழுப்பில்லாமல் சாப்பிட்டுவந்த நோயாளிகளின் கட்டிகளை வாங்கிப் பார்த்தார். வழக்கமாகச் சாயம் போட்டால் துளிகள் செக்கச்செவேல் என்று தெரியும். இவர்களுடையதில் துடைத்துவிட்டாற்போல ஒன்றுமில்லை. மனிதர் தலைகால் தெரியாமல் குதித்தார். மேடை மேடையாகப் பேசினார், துண்டுத்தாள் அடித்தார்.

துடைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அவள்தான். அந்த மாதங்களில் உறையவைத்துச் சீவும் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. வந்த கட்டிகளையெல்லாம் மெழுகில் பதிக்கச் சொல்லிவிட்டார். மெழுகு ஏற வேண்டுமானால் முதலில் ஸ்பிரிட்டில் மணிக்கணக்காக ஊறப்போட வேண்டும், அதில் கொழுப்பு கரைந்து போய்விடும். எண்ணெய்க் கறையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்த எவருக்கும் விளங்கும். உறையவைத்த பழைய கட்டிகளையும் மெழுகில் போட்ட புதியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாப்பாடுதான் காரணம் என்றார் மேதை. ஒரே ஒரு தடவை அவள் வாயைத் திறந்தாள்.

“சார், மெழுகுல போட்டா கொழுப்பு நிக்காது சார்.”

“உங்க வேலை ஸ்லைடு போடறது. அத ஒழுங்கா பண்ணுங்க, போதும்.”

எக்கேடு கெட்டுப் போ என்று விட்டுவிட்டாள். என்றைக்காவது நாலு பேர் முன்னால் மூக்குடைபட்டு நிற்பார், அன்றைக்குக் கைகட்டி வேடிக்கை பார்க்கலாம் என்று காத்திருந்தாள். உண்மையைச் சொன்னால், அந்தக் காத்திருப்பு அவளுக்கு இனித்தது. நடுவில் அண்ணன் தலைக்குள்ளேயே கட்டி வரும் என்று யார் கண்டது. மிஞ்சிப்போனால் ஒரு வருடம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

“ஒரு முட்ட பொரிச்சுக் குடேன்,” என்றான் அண்ணன் தங்கையிடம், அண்ணிக்குக் கேட்காது என்று நினைத்த குரலில்.

கேட்டுவிட்டது. அண்ணி தங்கை பக்கம் திரும்பினாள். “ஆசைய கெளப்பிவிடாத. இன்னும் கொஞ்ச நாள் பல்லக் கடிச்சுக்கிட்டா சுருங்கிடும்னு உங்க சாரே போட்டிருக்காரு.”

“அது தப்பு அண்ணி. அந்தக் கட்டி சர்க்கரைய வச்சே தனக்கு வேண்டிய கொழுப்ப செஞ்சுக்கும். சுத்தி இருக்கற மூளையிலயும் கொழுப்புதான். நீங்க பட்டினி போட்டது கட்டிய இல்ல, அண்ணன.”

“அப்ப அந்தப் படமெல்லாம்?”

“நான்தான் கழுவிட்டேன். கழுவினதத்தான் படம் புடிச்சாரு.”

அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். “எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?”

“போன வருஷத்துலேர்ந்து.”

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பதினெட்டு வருடமாக மேதையின் முதுகை அவள் பார்த்துவந்த அதே பார்வை. அது தன்மேல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அருவருப்பாக இருந்தது, அதுவும் தன்மேலேயே.

அண்ணி ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் எண்ணெய் வாங்கிவந்தாள். உதவிக்கு எழுந்தவளை உட்காரச் சொல்லவும் இல்லை, நகரச் சொல்லவும் இல்லை. இரண்டு முட்டைகளை ஓரம் முறுகப் பொரித்தாள். ஃபிரிட்ஜ் கதவிலிருந்து துண்டுத்தாளை உரித்து மேசைமேல் விரித்து, எண்ணெய் வடிவதற்கு அதன்மேல் அவற்றைப் போட்டாள்.

அண்ணன் சூடு ஆறக் காத்திருக்கவில்லை. தாளிலிருந்தே பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். உதடு பளபளத்தது, கண்ணில் நீர் வந்தது. எண்ணெய் புரொபசரின் சிரிப்பில் ஊறி, தாளின் பின்பக்கத்து எழுத்துகள் அவர் முகத்தில் தெரிய ஆரம்பித்தன. பிறகு மெல்லக் கீழே இறங்கி, கடைசி வரியை நோக்கி, பொடி எழுத்திலிருந்த தங்கையின் பெயரை நோக்கிப் பரவிக்கொண்டிருந்தது. அவள் தாளை நகர்த்தவில்லை.