அமெரிக்காவிலிருந்து வந்த பதில்

"ஏம்பா, வலிக்குதுன்னுதானே அது கத்துது?" என்று சிம்ரன் நான்கு வயதில் ஒருமுறை கேட்டாள். மைக்கைக் கூம்பு ஸ்பீக்கருக்கு நேரே பிடித்து, அது ஊளையிடுவதைக் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா சத்யராஜ் மைக்கைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தான்.

மைக் செட் தொழிலில் முதல் பாடமே ஊளை வராமல் பார்த்துக்கொள்வதுதான். கல்யாணமோ கருடசேவையோ, ஒரு தடவை 'கீ' என்றால் ஊரே திரும்பி முறைக்கும். பத்து வருடம் ஊளையை அடக்கியே பிழைத்தவன், ஒருநாள் போனில் ஓர் அமெரிக்க இசைக்குழுவைக் கேட்டுவிட்டான். ஆலைகள் மூடிப்போன ஏதோ ஓர் ஊரில், வீட்டு நிலவறையில், மூன்று பேர் கிடாரை ஊளையிடவிட்டு அதைத்தான் பாட்டு என்றார்கள். நூறு கேசட்டுக்கு மேல் போட மாட்டார்களாம். சத்யராஜ் தன் கூம்புகளின் ஊளையைப் பதிவுசெய்து அவர்களுக்கு அனுப்பினான். பதினொரு மாதம் பதிலே இல்லை.

பிறகு வந்தது. 'சென்னைக்கு வருகிறோம். ஞாயிறு நாலு மணிக்கு உன் ஊரில் கேட்கிறோம். பிடித்தால் எங்களோடு மேடையேறலாம்.' எழுதியவன், அவனோடு அதே மைக் செட் கடையில் வேலை செய்யும் விக்னேஷ். சத்யராஜைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும். முதலாளி சீனிவாசனும் உடந்தை. "ரெண்டு கூம்பையும் எடுத்துக்கினு போப்பா, ஊருக்கே பெருமை" என்றார்.

வேகவதி ஆற்றங்கரையில் நாற்பது பேர் கூடினார்கள். சிம்ரன் புதுக் கவுன் போட்டிருந்தாள். கீரைக்கார எல்லம்மாள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். ஒரு வேன் வந்து நின்றது.

"வந்துட்டாங்கபா! உடு சத்தத்த!" என்றான் விக்னேஷ்.

இருபது நிமிடம் சத்யராஜ் கண் திறக்கவில்லை. வாழ்நாளில் அவன் அவ்வளவு உண்மையாக எதையும் செய்ததில்லை. திறந்தபோது எதிரே பந்தல்கார முனிசாமி, முகமெல்லாம் கோதுமை மாவு, தலையில் மஞ்சள் விக்கு.

"ஹலோ மிஸ்டர்! வெரி குட் ஊளை!"

கரையே சிரித்தது. கையெல்லாம் போன். "இன்னா மச்சான், பாஸ்போர்ட்டு எடுத்துட்டியா?" சீனிவாசன் கண்ணீர் வரச் சிரித்தார். கூம்பிலிருந்து கருகல் வாடை வந்ததும் நிறுத்தினார்.

"என் யூனிட்ட எரிச்சிட்டியேடா! நாளையிலருந்து கடைப்பக்கம் வராத."

சத்யராஜ் மகளைத் தேடினான். வண்டிக்குப் பின்னால், கூட்டத்துக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, குழந்தையைக் கீரை ஆயச் சொல்லியிருந்தாள் எல்லம்மாள்.

"பாப்பா ஒண்ணியும் பாக்கல. உன்னை மெச்சிக்கினு கூவுறாங்கன்னு சொல்லிக்கீறேன். மூஞ்சத் தொடச்சிக்கினு வா" என்றாள் தாழ்ந்த குரலில்.

அந்த வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. அவன் டீக்கடைக்குப் போனால் யாராவது ஊளையிட்டார்கள். விக்னேஷுக்கு ஒன்றும் ஆகவில்லை. சத்யராஜின் இடத்தில் இப்போது அவன்தான் ஆபரேட்டர். சத்யராஜ் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் சேர்ந்தான்.

ஆடி மாதத்தில் எல்லம்மாளின் வண்டி பட்டறைத் தெருவில் வந்தது. அவள் குரலைப் பதிந்து கூவும் பெட்டியின் சின்ன ஸ்பீக்கர் கிழிந்து, விற்பது கீரையா கிழங்கா என்றே தெரியாமல் கரகரத்தது. பிள்ளைகள் அதைப்போல் கத்திக் கேலி செய்தார்கள். மதியத்தில் அவள் சின்ன காஞ்சிபுரத்தில் வண்டியை விட்டுவிட்டுக் கோயில் அன்னதானத்துக்குப் போவாள் என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் அந்த நேரத்துக்குப் போனான். வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. கிழிந்ததைக் கழற்றி, வாங்கிவந்த புதியதை மாட்டி, பெட்டியைக் காதருகே வைத்து மெல்லத் திருகிப் பார்த்தான். "அரக்கீரே, மொளக்கீரே" என்று பெட்டிக்குள்ளிருந்து எல்லம்மாள் தெளிவாகக் கூப்பிட்டாள். அதை அணைத்தான். பழைய திருகாணிகளையே இறுக்கினான். கீரைமேல் விலகியிருந்த ஈரச்சாக்கை இழுத்து மூடிவிட்டு, அவள் வராத பக்கமாக நடந்தான்.